இராக்கம்மா வைத்த இரண்டு பானை

குருவிமலைத் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேக்கணக்கில் இராக்கம்மாவுக்குப் பயப்படாத ஆளில்லை. பிள்ளையின் மூக்குச் சளியைத் துடைக்காமல் கொண்டுவந்து விட்டுவிட்டுப் பெரட்டில் பேர் பதிய ஓடுகிற தாய்மாரை அவள் ஓட விடமாட்டாள்.

"நில்லுடி. ஒம் புள்ளதான? தொடச்சிட்டுப் போ. ரெண்டு நிமிசம் பிந்திப் போனா கங்காணி ஒன்ன முழுங்கிட மாட்டான்."

பசறையிலிருந்து பஸ் ஏறி, பஸ் இறக்கி விடுகிற இடத்திலிருந்து மலையேறி நடந்தால் வருகிற இடம் அது. வரிசை வீடுகளாக நாலு லயம், ஒரு மாரியம்மன் கோயில், ஒரு பிள்ளைக்காம்பரா. தாய்மார் கொழுந்தெடுக்கப் போனபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற கட்டிடத்துக்குத்தான் அந்தப் பெயர். கறுத்த சுவர், சிமெந்துத் தரை, கூரை வளையிலிருந்து தொங்கும் சேலைத் தூளிகள். இராக்கம்மா அங்கே ஆயா. புருஷன் முருகையா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போன மலையில் பாம்பு கடித்துச் செத்தபோது மகள் தனலெட்சுமி கைப்பிள்ளை. அந்தப் பிள்ளையோடுதான் இந்த வேலைக்கு வந்தாள். ஒரு தூளியில் தன் பிள்ளை, மற்றத் தூளிகளில் ஊரார் பிள்ளைகள். எது அழுதாலும் வைகிற வசவு ஒன்றுதான்.

எழுபத்து நாலாம் ஆண்டில் தோட்டங்களில் பஞ்சம் வந்தது. வாரத்தில் பாதி நாள்தான் வேலை. கூப்பனுக்குக் கொடுக்கிற கோதுமை மா குறைந்தது. அரிசி கண்ணிலேயே படவில்லை. நாட்டுக்கே கஷ்டம் என்றார்கள். சரி, நாட்டுக்கே கஷ்டம்தான். ஆனால் தேயிலை டொலர் கொண்டுவந்தது, தேயிலை பறித்தவள் ஓடைக்கரைக் கீரையை உப்பில்லாமல் அவித்துத் தின்றாள். பதுளைக் கடைவீதியில் தோட்டத்துச் சனம் கை நீட்டி நின்றதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பிள்ளைகள் முதலில் அழுவதை நிறுத்தின. இராக்கம்மாவுக்கு வசவு வைய வேலையில்லாமல் போயிற்று. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஓடித் திரிந்த தனலெட்சுமி சுவரோரம் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டால் பார்ப்பாள். வரமாட்டாள்.

அந்த நேரத்தில்தான் இரண்டு நாடுகளிலிருந்து உதவி வந்தது. அமெரிக்காவிலிருந்து சோயா கலந்த மா மூட்டைகள். மேற்கு ஜெர்மனியிலிருந்து பால்மா, கூடவே காம்பராவுக்குப் புதுக் கூரைத் தகரம். இரண்டையும் ஒன்றாகப் போட்டு இராக்கம்மா தினமும் காலையில் கஞ்சி காய்ச்சினாள். ஊட்டினாள். சில வாரத்தில் பிள்ளைகள் மறுபடி அழ ஆரம்பித்தன. தனலெட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு இராக்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு காம்பராவுக்குப் பின்னால் போய் நின்றாள். அழுதாளா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வசவு வாங்கியிருப்பார்கள்.

பிறகு வந்த மூட்டைகளில் ஒரு கோளாறு. மாவில் மண்ணெண்ணெய் வாடை. கணக்கப்பிள்ளை சிவஞானத்துக்கு அந்தக் கணக்கில் கிடைத்த ஒரே பூட்டுள்ள அறை, மண்ணெண்ணெய்ப் பீப்பாய் வைக்கிற ஸ்டோர். திறந்து வைத்தால் பசித்தவன் தூக்கிக்கொண்டு போவான் என்று அவர் மூட்டைகளை உள்ளே போட்டுப் பூட்டினார். பசித்தவனைக் குறை சொல்ல முடியாது. கணக்கப்பிள்ளையையும் முழுசாகக் குறை சொல்ல முடியாது. பீப்பாய் கசிந்தது. மா அதைக் குடித்துவிட்டது. இராக்கம்மா பால்மாவைக் கூடப் போட்டு, சீனி கிடைத்த நாளில் சீனியும் போட்டு, வாடையை அமுக்கி ஊட்டிப் பார்த்தாள். பாதி உள்ளே போகும், பாதி வெளியே வரும்.

இப்படி இருக்கும்போது சிவஞானம் ஒரு நாள் குடையை ஊன்றிக்கொண்டு காம்பரா வாசலில் வந்து நின்றார்.

"இராக்கம்மா, வெள்ளிக்கிழம ரெண்டு தொரைமாரு வாராங்க. மா குடுக்குற அமெரிக்காக்காரரு ஒருத்தரு. ஜெர்மன் எம்பசித் தொரை ஒருத்தரு. பாத்துட்டுப் போயித்தான் வார வருசமும் நமக்குக் குடுக்குறதா, வேற தோட்டத்துக்கு மாத்துறதான்னு முடிவு செய்வாங்களாம்."

"மாத்துறதா? புள்ளைக இப்பத்தான எந்திரிச்சு நிக்குது!"

"அதுக்குத்தான் சொல்றேன். நீ வாயத் தொறக்காத. கேட்டா நல்லாருக்கு, சந்தோசம், அம்புட்டுத்தான். மண்ணெண்ணங்கிற பேச்சே வரப்படாது. வந்துச்சோ, இவங்களுக்குக் குடுத்தா பாழாக்கிருவாங்கன்னு அப்புடியே தூக்கிட்டுப் போயிருவாங்க."

"சரிங்க ஐயா."

"இன்னொன்னு." சிவஞானம் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு பேரும் பெரிய சண்டையில எதிரெதிரா நின்ன நாட்டுக்காரங்க. இவன் ஊருமேல அவன் ஏரோப்பிளேன்ல வந்து குண்டு போட்டான். ஊரு ஊரா எரிஞ்சுச்சு. பாத்து நடந்துக்க."

"இப்ப ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்த இருக்கா?"

"அத நான் போயி அவங்ககிட்டக் கேக்கவா?"

இராக்கம்மாவுக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை. பகை என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கணக்கில் தொழிற்சங்கம் இரண்டாக உடைந்த வருஷம் மேட்டு லயம் ஒரு கொடி, பள்ளத்து லயம் இன்னொரு கொடி என்றானது. மாமன் மச்சான் முகம் பார்க்கவில்லை. அம்மன் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு தண்டுகிற அரிசியை ஒரே பானையில் போட்டுக் கூழ் காய்ச்சுவதுதான் வழக்கம். அந்த வருஷம் எதிரிச் சங்கத்தான் அரிசி கலந்த கூழ் எங்கள் தொண்டையில் இறங்காது என்று இரண்டு பக்கமும் நின்றது. அம்மனுக்கு இரண்டு பானை. அகப்பை பிடித்தவள் இராக்கம்மா. கூட்ட நெரிசலில் பள்ளத்துப் பானையிலிருந்து ஒரு மேட்டு லயத்துச் செம்பில் ஊற்றிவிட்டாள். கூழ் தரையில், செம்பு ஒருத்தன் மண்டையில், பொலிஸ் பசறையிலிருந்து வந்தது. ஒரு அகப்பைக் கூழுக்கே அந்தப் பாடு என்றால், குண்டு போட்டவன் மாவையும் குண்டு வாங்கியவன் பாலையும் அவர்கள் கண்ணெதிரே ஒரே பானையில் கொதிக்க வைக்க முடியுமா?

வெள்ளிக்கிழமை காலை அவள் இரண்டு அடுப்பு மூட்டினாள். ஒன்றில் அமெரிக்க மாவு தண்ணீரில் கொதித்தது. மற்றதில் ஜெர்மன் பால். இரண்டு அகப்பை, துரைமார் உட்கார இரண்டு வாங்குப் பலகை, ஒருவர் முகம் ஒருவர் பாராதபடி. பிள்ளைகளையும் இரண்டாகப் பிரித்து உட்காரவைத்தாள். வாடையிருந்தாலும் பசியில் குடித்துவிடும் என்று நம்பி, யாருக்கும் குறை வரக்கூடாதென்று தன் மகளையே அமெரிக்கப் பக்கம் வைத்தாள்.

கார் வந்தது. பதுளையில் வாடகைக் கார் ஓட்டுகிற, தோட்டத்துச் சனம் நானா என்று கூப்பிடுகிற ஸரூக்கின் பழைய ஒஸ்டின். ஸரூக் வெள்ளைக்காரத் துரைமாருக்கு ஓட்டி ஓட்டி இங்கிலீஷ் படித்தவன். அதனால் மொழிபெயர்ப்பும் அவன்தான். பின் சீட்டிலிருந்து இருவரும் இறங்கினார்கள். அமெரிக்கர் பிரஸ்டன், நரைத்த தலை, பெரிய உடம்பு. ஜெர்மன்காரர் ஹார்ட்விக், ஒல்லி, மூக்குக் கண்ணாடி. ஒரே காரில் வந்ததை இராக்கம்மா கவனித்தாள். அதனால் அவள் மனம் மாறவில்லை. சாவு வீட்டுக்கு ஒரே லொறியில் வருகிற பகையாளிகளை அவள் பார்த்திருக்கிறாள்.

"என்னா இராக்கம்மா, கலியாணமா? ரெண்டு பந்தி போட்டிக்கிறீங்க?" என்றான் ஸரூக்.

"சும்மா இருங்க நானா. இவர இந்தப் பக்கம் ஒக்காரச் சொல்லுங்க. அவர அந்தப் பக்கம்."

கஞ்சி ஊற்றினாள். ஜெர்மன் பக்கம் பிள்ளைகள் பாலைக் குடித்து மூஞ்சியெல்லாம் பூசிக்கொண்டு இன்னும் கேட்டன. அமெரிக்கப் பக்கம் யாரும் வாய் வைக்கவில்லை. வாடையை அமுக்க இன்றைக்குப் பால் இல்லை. மாவு தனியாக நின்று தன் குணத்தைக் காட்டிவிட்டது. முதலில் தட்டைத் தள்ளியது தனலெட்சுமி. "ச்சீ" என்றாள். எல்லாருக்கும் கேட்டது. பக்கத்துப் பிள்ளைகளும் வரிசையாகத் தள்ளின.

பிரஸ்டனின் முகம் மாறியது. குறை வரக்கூடாதென்று செய்ததெல்லாம் சேர்ந்து பெருங்குறையாகிவிட்டது. சிவஞானம் குடையை இறுக்கிப் பிடித்தபடி, "புள்ளைங்களுக்கு வவுறு நெறஞ்சிருக்கு தொரை" என்று தமிழிலேயே சொன்னார்.

ஹார்ட்விக் இரண்டு பானையையும் மாறி மாறிப் பார்த்தார். ஸரூக்கிடம் ஏதோ கேட்டார்.

"எங்க பால ஏன் அவங்க மாவுல போடலன்டு கேக்குறாரு. எப்பவும் இப்புடித்தானா?"

இராக்கம்மாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "இல்லீங்க. எப்பவும் ஒரே பானதான். இன்னக்கி நீங்க ரெண்டு பேரும் வாரீங்கன்னுதான்… ஒங்க ரெண்டு ஊருக்கும் ஆகாதுன்னு சொன்னாங்க. பகையாளி கண்ணு முன்னாடி ஒரே பானையில கலக்கப்படாது."

ஸரூக் சொல்லி முடிக்குமுன் ஹார்ட்விக் சிரித்துவிட்டார். பிரஸ்டனும் வாய்விட்டுச் சிரித்தார். இராக்கம்மாவுக்கு எரிச்சலாக வந்தது. "இதுல என்னா சிரிப்பு? குண்டு போட்டது பொய்யா?"

"பொய்யில்லையாம்" என்றான் ஸரூக்.

ஹார்ட்விக் தன் வாங்கைத் தூக்கிக்கொண்டு போய் பிரஸ்டனுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். பேச ஆரம்பித்தார். ஸரூக் துண்டு துண்டாக வாங்கித் தன் பேச்சில் போட்டான்.

"இவரு ஊரு பாதி எரிஞ்சிட்டாம். எரிச்சது அமெரிக்கா பிளேன். சண்ட முடிஞ்சி, தின்ன ஒன்டும் இல்ல. இவரு அப்ப பொடியன். பொறகு அதே அமெரிக்காக்காரன் ஸ்கூலுக்கு வந்து சூப்பு ஊத்துனானாம். இவரு உம்மா… இவங்க அம்மா சொன்னாங்களாம், குண்டு போட்டவன் கையால வாங்கித் தின்னாதடான்டு. இவரு ரோசமா இருந்து பாத்தாரு. பசி விடல. டின்னத் தூக்கிட்டு வரிசையில நின்டாரு."

"நின்னுதான ஆகணும்" என்றாள் இராக்கம்மா.

"ஒரு நாள் சூப்பு அடிப்புடிச்சிப் போச்சாம். இவரு வாய அடக்காம, தீஞ்சு நாறுதுன்டு அந்த சோல்ஜர்ட்டயே சொல்லிட்டாரு. அடிப்பான், இனி சூப்பு இல்லன்டுவான்டு பயந்தாராம். அவன் ஒரு கரண்டி குடிச்சிப் பாத்தான். துப்புனான். சட்டியக் கவுத்துட்டு வேற வச்சான். அன்டைக்கித்தான் பகை போச்சின்டு சொல்றாரு. சூப்பு குடுத்தன்டைக்கி இல்ல, சூப்பு சரியில்லன்டு சொல்லவுட்டானே, அன்டைக்கி."

இராக்கம்மா அகப்பையைக் கீழே வைத்தாள்.

ஹார்ட்விக் விடவில்லை. இப்போது தன் உத்தியோகம் என்ன என்று சொன்னார். அமெரிக்காக்காரனுக்கு நன்றி சொல்வது, அதே வாயால் நீ செய்கிறது எல்லாம் சரியில்லை என்றும் சொல்வது. வியட்நாம் சண்டை தப்பு என்று தன் நாட்டுப் பையன்கள் ரோட்டில் இறங்கிக் கத்தினார்கள், அமெரிக்கர்களுக்குக் கோபம், சோறு போட்டவனையா ஏசுகிறாய் என்று. நன்றி உள்ளவன்தான் ஏசுவான், நன்றி இல்லாதவன் எழுந்து போய்விடுவான் என்று தாங்கள் பதில் சொன்னதாகச் சொன்னார்.

பிரஸ்டன் குறுக்கே ஏதோ சொன்னார். ஸரூக் சிரித்தான். "நன்றி கொஞ்சம், ஏச்சுத்தான் கூட என்டு இவரு சொல்றாரு."

பிறகு பிரஸ்டன் மெதுவாக ஒன்று சொன்னார். ஸரூக் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"இவரு அண்ணன் அந்தச் சண்டையில ஜெர்மனியில மவுத்தாப் போனவராம். அங்கயே அடக்கம். இவங்க அம்மா இன்னும் ஜெர்மனின்டா எழும்பிப் போயிருவாங்களாம்."

தூளியில் ஒரு குழந்தை சிணுங்கியது. ஆக, பகை நிஜம்தான். சின்னப் பகையுமில்லை. ஒருவனுக்கு ஊர் போயிருக்கிறது, ஒருவனுக்கு அண்ணன் போயிருக்கிறான். இருவரும் ஒரே வாங்கில், முட்டி இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள்.

இராக்கம்மா தனலெட்சுமியைப் பார்த்தாள். தள்ளிய தட்டு இன்னும் அவள் முன்னால்தான் இருந்தது. மாவு நின்றுபோனால் மறுபடி அந்தச் சுவரோரம்தான். மாவு இப்படியே வந்துகொண்டிருந்தாலும் அதே சுவரோரம்தான்.

"நானா, நான் சொல்றத ஒரு சொல்லு விடாம சொல்லுவீங்களா?"

சிவஞானத்துக்குப் புரிந்துவிட்டது. "ஸரூக், வேணாம். புள்ளைங்க வவுத்துல மண்ணள்ளிப் போட்டுறாதீங்க."

ஸரூக் கணக்கப்பிள்ளையைப் பார்த்தான். தோட்டத்து ஹயர் ஓட்டம் நின்றால் அவன் வீட்டிலும் அடுப்பு எரியாது. தொப்பியைத் தலையில் வைத்தான். "சொல்லுங்க இராக்கம்மா."

"இந்த மாவு மண்ணெண்ண நாறுது. புள்ளைக குடிச்சா கக்குதுக. ஆரம்பத்துல வந்த மாவு தங்கம். அது இல்லாட்டி எம் மக இன்னக்கி இல்ல. அத எந்தச் சென்மத்துலயும் மறக்க மாட்டேன். ஆனா இது நாறுது. நம்பலன்னா குடிச்சுப் பாருங்க."

சொல்லிவிட்டு ஒரு அகப்பை ஊற்றி நீட்டினாள். பிரஸ்டன் வாங்கிக் குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. எழுந்தார். மூட்டை எங்கே என்று கேட்டார். எல்லாரும் ஸ்டோருக்கு நடந்தார்கள். கதவைத் திறந்ததும் வாடையே பதில் சொல்லிற்று. சிவஞானம் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு, வேறு பூட்டு இல்லை, வேறு அறை இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

இரு துரைமாரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். குரல் உயர்ந்தது. சண்டையோ என்று இராக்கம்மா நினைத்தாள். பிறகு பிரஸ்டன் ஸரூக்கிடம் திரும்பினார்.

"மாவக் கொண்டுபோகச் சொல்றாரு" என்றான் ஸரூக்.

இராக்கம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான் கெடுத்துட்டேன். எம் வாயிதான் கெடுத்துச்சு."

"அட பொறுங்க, இன்னும் முடியல! கெட்ட மாவத்தான் கொண்டுபோறாங்க. நல்ல மா வரும். அடுத்த வருசமும் வருமாம். இந்த ஸ்டோருல வைக்காம நேரா காம்பராவுக்கே வருமாம். கொண்டாறது நான்தானாம். காம்பராவுக்குள்ள பெட்டி அடிச்சிப் பூட்டு போடுறது ஜெர்மன் செலவு. பூட்டுத் தொறப்பு ஒங்க கையில."

"கணக்கப்பிள்ளை ஐயாவ ஒன்னும் செஞ்சிற மாட்டாங்களே? அவரு களவு போயிரும்னு பயந்துதான் பூட்டுனாரு. அதையும் சொல்லுங்க நானா."

சொன்னான். பிரஸ்டன் சிவஞானத்தின் தோளில் தட்டினார். சிவஞானம் குடையை விரித்தார். மழை இல்லை, வெயிலும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் விரித்தார்.

அந்த மா வந்த காலம்வரை மேக்கணக்கில் பட்டினியால் ஒரு பிள்ளையும் சாகவில்லை. அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். இரண்டு நாட்டு அரசாங்கங்களைப் பற்றி இந்தக் கணக்கின் பழைய சங்க ஆட்கள் சொல்லாத வசவு இல்லை. அதில் பாதியாவது நியாயமானது. ஆனால் அந்த இரண்டு மனுஷரைப் பற்றி இராக்கம்மா முன்னால் யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. எண்பதுகளில், தனலெட்சுமி கூடையைத் தூக்கிக்கொண்டு முன் நிரையில் கொழுந்தெடுக்கிற பெண்ணான பிறகும் அப்படித்தான். குடியுரிமை ஒப்பந்தத்தில் கப்பலேறி இந்தியா போன சனம் கடைசி நாளில் பிள்ளைக்காம்பராவுக்கு வந்து, வளர்ந்த பிள்ளைகளை அவள் காலில் விழவைத்துவிட்டுப் போனது. "எங் கால்ல ஏண்டா விழுறீங்க, மூக்கத் தொடைங்கடா" என்றுதான் அவர்களையும் வழியனுப்பினாள்.

நன்றி சொல்ல அவளுக்குத் தெரியாது என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் நல்ல மா வந்த முதல் காலையில் அங்கே இருந்திருக்க வேண்டும்.

ஸரூக் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போகாமல் நின்றான். இராக்கம்மா மாவை மோந்து பார்த்தாள். ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தாள். அடுப்பில் ஒரே பானையை ஏற்றி, தண்ணீர் கொதித்ததும் மாவைக் கரைத்து ஊற்றி, பால்மாவையும் போட்டுக் கிண்டினாள். தனலெட்சுமி தட்டை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துவிட்டு, தட்டை நக்கினாள். மறுபடி நீட்டினாள். இராக்கம்மா ஊற்றினாள். கைகூப்பினாள், யாரைப் பார்த்து என்று தெரியவில்லை. ஸரூக் நின்ற பக்கமாகத்தான் இருந்தது.

"கொழும்புல இருக்குற தொரைமாருக்கு நான் என்னா சொல்லிவுட?" என்றான் அவன்.

"நல்லாருக்குன்னு சொல்லுங்க நானா. அவங்க புள்ளகுட்டிக நூறு வருசம் நல்லாருக்கணும்னு சொல்லுங்க. அந்த அமெரிக்காத் தொரையோட அம்மாவுக்கும் சொல்லச் சொல்லுங்க, அவுக மகன் பேரச் சொல்லி மாரியம்மனுக்குச் சூடம் கொளுத்தியிருக்கேன்னு."

"சரி."

"இன்னொன்னும் சொல்லணும். சீனி அனுப்ப மறந்துட்டாங்கன்னு சொல்லுங்க."

ஸரூக் சிரித்துக்கொண்டே போய்க் காரில் ஏறினான். அடுத்த முறை வந்தபோது மூட்டையோடு சீனியும் இருந்தது.